பெட்ரலுக்குப் பின்னால் ஒரு மஞ்சள் ரப்பர் படகு

பெட்ரல் படகு,
ஸ்டாக்கிங் தீவுக் கரையோரம், ஜார்ஜ் டவுன், பஹாமா
1994 ஜனவரி 9

அன்புள்ள நொரீன்,

டெல்மாவும் அவள் புருஷனும் நாளை விமானத்தில் ஊருக்கு வருகிறார்கள். இன்று காலை எட்டு மணி ரேடியோவில், "தபால் இருந்தா கனடா ஸ்டாம்பு ஒட்டி மத்தியானத்துக்குள்ள எங்க படகுக்குக் கொண்டாங்க, பார்சல் மூட்டை எல்லாம் வேண்டாம்" என்று அவள் அறிவித்தாள். அதனால் அவசர அவசரமாக இதை அடிக்கிறேன்.

டைப்ரைட்டரைப் பார்த்து மிரளாதே. பேனா எல்லாம் இந்த ஈரத்தில் மை கக்குகிறது. கட்டிலுக்கு அடியிலிருந்து இதை இழுத்து எண்ணெய் போட்டேன். கடலோரக் காவல் கப்பலில் முப்பது வருடம் தந்திச் செய்தி தட்டிய விரல்கள் இன்னும் எதையும் மறக்கவில்லை.

நீ போன பிறகு இரண்டு வாடை அடித்து ஓய்ந்துவிட்டது. கிறிஸ்துமஸ் அன்று வந்ததுதான் மோசம். தெற்கே தொடங்கிய காற்று மேற்கே சுற்றி, மத்தியானத்துக்குள் வடக்கே நின்று முப்பத்தைந்து நாட் வேகத்தில் ஊதியது. நாலைந்து படகுகளின் நங்கூரம் பிடி விட்டது. பெட்ரல் கொஞ்சம் நகர்ந்தாள், பிறகு நின்றுவிட்டாள். சேதம் ஒன்றும் இல்லை.

இங்கே நாள் வழக்கம்போலத்தான் போகிறது. விடிந்ததும் தேநீர். எட்டுக்கு ரேடியோவில் வானிலை, யார் வந்தார், யார் போனார், யாருக்கு எந்தக் குழாய்க்கு எந்த வாஷர் வேண்டும். பிறகு பாசி சுரண்டல், தண்ணீர்க் கேன், தூக்கம். சாயங்காலம் சவுக்கு மரத்தடியில் டொமினோ ஆடுகிறார்கள். நான் இந்த வருடம் போவதில்லை. அதே ஆட்கள், அதே பொய்கள், அலுத்துவிட்டது.

உன் அக்காவின் இடுப்பு ஆபரேஷன் நல்லபடி முடிந்ததா? வேராவைப் பார்த்துக்கொள்ள ஆறு வாரம் போதும் என்று சொல்லிவிட்டுப் போனாய். மாத முடிவில் ஆறு வாரம் ஆகிறது. தேதியை எழுது.

உன்
வெண்டல்

*

லூனன்பர்க், நோவா ஸ்கோஷா
1994 ஜனவரி 18

வெண்டல்,

இங்கே வாசலில் பனி முட்டளவு. வேரா நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அடுக்களை வரை வருகிறாள், வந்து என் சமையலில் குற்றம் கண்டுபிடிக்கிறாள். ஆக, தேறுகிறாள். அடுப்புப் புகைக்குழாயின் தகடு சிக்கிக்கொண்டு வீடெல்லாம் புகை. அதை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று எழுது.

டைப் அடித்த கடிதம் எனக்குப் பிடிக்கவில்லை. கரண்ட் ஆபீசிலிருந்து வந்தது போல் இருக்கிறது. அதுவும் மூன்றாம் பத்தியில் ஒரு வரிக்கு மேலேயே இன்னொரு வரியை அடித்திருக்கிறாய். நாற்பத்தொரு வருடமாக எனக்குக் கையால் எழுதிய மனுஷனுக்கு இந்த வருடம் என்ன வந்தது?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். டெல்மா தபாலைப் பெட்டியில் போட்டதோடு நிற்கவில்லை, போனிலும் கூப்பிட்டாள்.

"வெண்டல் நல்லா இருக்காரு, கவலப்படாத. துணைக்கும் ஆள் இருக்கு" என்றாள்.

"என்ன துணை?" என்று கேட்டேன்.

"அய்யோ, ஒண்ணுமில்லப்பா. காலையில எட்டரைக்கு எங்க மேல்தட்டுல நின்னா பெட்ரலுக்குப் பின்னால ஒரு மஞ்சள் ரப்பர் படகு கட்டிக் கெடக்கும். பத்து பத்தரைக்குத்தான் அவுக்கறது. தெனமும். கண்ணுல பட்டதச் சொன்னேன், வேற ஒண்ணும் இல்ல."

அந்தத் துறையில் யார் எங்கே இருக்கிறார்கள் என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. யாருடைய சின்னப் படகு எந்தப் படகின் பின்னால் கட்டிக் கிடக்கிறது என்று பார்த்தால் போதும். மஞ்சள் ரப்பர் படகு அங்கே ஒன்றுதான், அது ரமோனாவுடையது என்பதும் எனக்குத் தெரியும். புருஷன் செத்த பிறகும் தங்கள் டான்சி படகைத் தனியாக ஓட்டிக்கொண்டு வருகிறாளே என்று போன வருடம் நானே அவளை மெச்சினேன்.

தினமும் காலையில் இரண்டு மணி நேரம் அவளுக்கு நம் படகில் என்ன வேலை? இதற்கு மட்டும் பதில் எழுது. நேராக எழுது.

இன்னும் மூன்று வாரமாவது வேராவை விட்டு வர முடியாது.

நொரீன்

*

பெட்ரல்
1994 ஜனவரி 28

அன்புள்ள நொரீன்,

உன் கடிதம் நேற்று வந்தது. புகைக்குழாய்த் தகட்டை இடது பக்கம் திருப்பு. திரும்பாவிட்டால் சுத்தியால் ஒரு தட்டு, மெதுவாக. வேராவின் நாக்கு வேலை செய்கிறது என்றால் இடுப்பு தானாகச் சரியாகிவிடும்.

டைப் அடித்தால் கரண்ட் ஆபீஸ் மாதிரி இருக்கிறது என்கிறாய். என் கையெழுத்தைக் கோழி கிளறிய குப்பை என்று நாற்பத்தொரு வருடம் சொன்னவள் யார்? இப்போது ஒழுங்காக வருகிறதே என்று சந்தோஷப்படு. வரி மேல் வரி விழுந்தது படகு ஆடியதால்.

இன்னும் மூன்று வாரம் என்று எழுதியிருக்கிறாய். போகும்போது ஆறு வாரம் என்றாய், இப்போது ஒன்பது. நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஹர்ட்டில் தம்பதி கிறிஸ்துமஸுக்கு ஊர் போய்த் திரும்பியிருக்கிறார்கள். தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில் அந்த அம்மாள் என்னிடம் நல்ல மனதோடுதான் கேட்டாள்.

"நொரீன் வீடு பாக்கறாங்களாமே? துறைமுகத்துக்கு மேல புதுசாக் கட்டின அடுக்குமாடியில தரகரோட பாத்தோம். ஜன்னலையெல்லாம் தெறந்து மூடிப் பாத்துக்கிட்டிருந்தாங்க. அப்ப பெட்ரல விக்கறீங்களா? எங்க மருமகன் ஒரு படகு தேடறான்."

எனக்கு முன்னால் ஏழு பேர், பின்னால் நாலு பேர். எல்லார் காதும் நீண்டது. "அவ எங்க போனாலும் ஜன்னலைத் தெறந்து பாப்பா, அது வியாதி" என்று சிரித்து மழுப்பிவிட்டு வந்தேன்.

ஆனால் உன்னிடம் கேட்கிறேன். எதற்கு அந்த வீடு? பெட்ரலை விற்காமல் நம்மால் வீடு வாங்க முடியாது. அது உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

வெண்டல்

*

லூனன்பர்க்
1994 பிப்ரவரி 7

வெண்டல்,

புகைக்குழாய்க்குப் பதில் வந்தது. வேராவின் நாக்குக்குப் பதில் வந்தது. டைப்ரைட்டருக்குப் பதில் வந்தது, கேலியோடு. நான் கேட்ட ஒரே கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை. அந்தப் பத்தியே என் கடிதத்தில் இல்லாதது போல் தாண்டிக் குதித்திருக்கிறாய். இவ்வளவு சாமர்த்தியம் உனக்கு எங்கிருந்து வந்தது? கல்யாணமான புதிதில் என் பிறந்தநாளை மறந்துவிட்டு, மறக்கவில்லை என்று ஒரு பொய் சொல்லக்கூட உனக்குத் தெரியாது.

இன்னொன்றும் வந்து சேர்ந்தது. டெல்மாவுக்கு அங்கிருந்து யாரோ எழுதியிருக்கிறார்கள். ஜனவரி கடைசியில் வந்த வாடைக்கு எல்லாப் படகும் முந்தின நாளே நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு ஊர்ப் பக்கக் கரைக்குப் போய்விட்டதாம். தீவுக் கரையில் அலையில் குதித்துக்கொண்டு நின்றவை இரண்டே இரண்டு. பெட்ரலும் டான்சியும். பக்கத்தில் பக்கத்தில்.

வாடை வருகிறது என்று ரேடியோ சொல்வதற்கு முன்னாலேயே மூக்கை உயர்த்தி மோப்பம் பிடித்துப் படகை நகர்த்துகிறவன் நீ. உன் அவசரத்தில் எத்தனை தடவை என் சாப்பாடு தட்டோடு கவிழ்ந்திருக்கிறது. அந்த மனுஷன் அன்று ஏன் நகரவில்லை? டான்சி நகரவில்லை, அதனால் நீயும் நகரவில்லை. இதுதானே?

அந்தக் கோழிக் கழுத்தையும் அரை டவுசரையும் வைத்துக்கொண்டு அறுபது வயதை எட்டிப் பிடிக்கப் போகிறவளுக்கு இது தேவையா? உனக்கு அறுபத்தேழு ஆகிறது, உனக்குத் தேவையா? அவளிடம் இதைச் சொல். நான் சொன்னதாகவே சொல்.

வீட்டைப் பற்றிக் கேட்டாய். அது வேராவுக்காகப் பார்த்தது. அங்கே லிஃப்ட் இருக்கிறது. போதுமா?

இது நான்காம் பக்கம். நான் இவ்வளவு நீளமாக யாருக்கும் எழுதியதில்லை. மஞ்சள் படகு எதற்கு வருகிறது, வாடைக்கு ஏன் நகரவில்லை. இந்த இரண்டுக்கும் பதில் வராமல் நான் விமானம் ஏற மாட்டேன்.

நொரீன்

*

பெட்ரல்
1994 பிப்ரவரி 16

அன்புள்ள நொரீன்,

உன் கடிதங்கள் வர வரச் சின்னதாகிக்கொண்டே போகின்றன. முன்பெல்லாம் தெருவில் நாய் குரைத்ததைக்கூட ஒரு பக்கம் எழுதுவாய். இந்தத் தடவை புகைக்குழாய், வேரா, லிஃப்ட், முடிந்தது. மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு எழுதினால் இப்படித்தான் வரும்.

வேராவுக்காக வீடு என்கிறாய். வேராவின் வீட்டில் மாடியே கிடையாது. மாடி இல்லாத வீட்டிலிருக்கிற ஒருத்தியை அடுக்குமாடிக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு, அவளுக்கு லிஃப்ட் வசதி என்கிறாய். நான் படகில் கிடக்கிறேன் என்பதால் முட்டாள் ஆகிவிடவில்லை.

இங்கே விசேஷம் ஒன்றும் இல்லை. நேற்று ரமோனா ஒரு களவா மீனும் எலுமிச்சம்பழமும் கொண்டுவந்தாள். பாதியைப் பொரித்தோம், மீதியைச் சூப்பு வைத்தாள். நல்ல கைமணம். உன்னை விசாரித்தாள். நீ எப்போது வருகிறாய் என்று என்னைவிட அவள்தான் அதிகம் கேட்கிறாள்.

வடக்கே திரும்பும் பயணத்தை நான் முடிவு செய்துவிட்டேன். ஏப்ரல் பத்தாம் தேதி நங்கூரம் தூக்குகிறேன். நீ வந்தால் வா. வராவிட்டால் ஃப்ளோரிடா வரை ரமோனா கூட வருவதாகச் சொல்கிறாள், டான்சியை இங்கேயே கட்டிப்போட்டுவிட்டு. "நீ மட்டும் தனியாப் போகக் கூடாது வெண்டல், நான் விட மாட்டேன்" என்று ஒரே பிடிவாதம். டெக்சாஸ்காரியிடம் வாதாடி ஜெயிக்க முடியுமா?

டெலிபோன் ஆபீசில் வரிசையில் நின்று, பத்துப் பேர் கேட்க இதையெல்லாம் பேச என்னால் முடியாது. நீ எழுத்தில் சொல். வருகிறாயா, இல்லையா?

வெண்டல்

*

பெட்ரல்
1994 மார்ச் 6

அன்புள்ள நொரீன்,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. படித்தேன். சுருக்கமாக எழுதியிருக்கிறாய், பரவாயில்லை. உனக்கு அங்கே வேலை ஓயாது. வேரா தேறி வருவது சந்தோஷம்.

நீ எழுதியிருந்ததை எல்லாம் யோசித்துக்கொண்டிருக்கிறேன். நியாயம் உன் பக்கமும் இருக்கிறது. உடனே ஒரு பதில் சொல்ல முடியவில்லை. இன்னும் கொஞ்சம் விளக்கமாக எழுதினால் நல்லது.

ரமோனா பல் பிடுங்கத் தபால் கப்பலில் நாசாவ் போயிருக்கிறாள், வர பத்து நாள் ஆகும். பக்கத்தில் பேச்சுச் சத்தம் இல்லை. காற்று கிழக்கே நிலையாக நிற்கிறது. ஒரு திருக்கை தினமும் காலையில் படகுக்கு அடியில் வந்து போகிறது. அதன் நிழலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மற்றபடி ரேடியோ கேட்பதும் தூங்குவதும்தான்.

நீ இருந்தால் நன்றாக இருக்கும்.

வெண்டல்

*

லூனன்பர்க்
1994 மார்ச் 14

வெண்டல்,

நான் உனக்கு அனுப்பியது வெற்றுத்தாள்.

ரமோனா உன்னோடு படகேறப் போகிறாள் என்று நீ எழுதியதைப் படித்ததும் பேனாவை எடுத்தேன். மூன்று தாள் எழுதினேன், மூன்றையும் கிழித்தேன். இனி இவனிடம் சொல்ல ஒரு வார்த்தைகூடக் கிடையாது என்று ஒன்றுமே எழுதாத ஒரு தாளை மடித்து உறையில் போட்டு அனுப்பினேன். வேண்டுமென்றேதான். உனக்குச் சுருக்கென்று தைக்கட்டும் என்றுதான்.

அதைப் படித்தேன் என்று எழுதியிருக்கிறாய். என் பக்கம் நியாயம் இருக்கிறது என்கிறாய். வேரா தேறுவது சந்தோஷம் என்கிறாய்.

நேற்று இது வந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. முதலில் என்ன நினைத்தேன் தெரியுமா? என் கடிதத்தை அவள் பிரித்து வைத்துக்கொள்கிறாள், உன் பேரில் பதிலையும் அவளே அடிக்கிறாள் என்று நினைத்தேன். டைப் அடித்தால் யார் அடித்தது என்று யார் கண்டார்கள். போலீசுக்குச் சொல்லலாமா என்றுகூட யோசித்தேன். ஆனால் அவள்தான் ஊரிலேயே இல்லையே. இதை நீதான் அடித்தாய், உன்னைத் தவிர யாரும் திருக்கையைப் பற்றி இப்படி எழுத மாட்டார்கள்.

அப்புறம் வேரா நீ அடித்த கடிதங்களை எல்லாம் மேசையில் வரிசையாக வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கடைசியில், "நொரீன், அவருக்குக் கண்ணு தெரியுதா?" என்றாள்.

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. போன அக்டோபரில் தெற்கே வரும்போது மிதவை எண்களை என்னைப் படிக்கச் சொன்னாய், கண்ணாடியில் உப்பு என்றாய். தேநீரைக் கோப்பைக்கு வெளியே ஊற்றிவிட்டு அலையைத் திட்டினாய். தூண்டில் முள்ளில் நரம்பு கோக்க என்னைக் கூப்பிட்டாய். டொமினோ அலுத்துவிட்டது என்று எழுதினாய். ஒவ்வொன்றும் என் கண்ணெதிரே நடந்தது. நான் பார்த்ததெல்லாம் மஞ்சள் படகைத்தான்.

உனக்குக் கண் தெரியவில்லையா, வெண்டல்?

ஹர்ட்டிலின் மகன் நாளை அங்கே பறக்கிறான். இதை அவன் கையில் கொடுத்து அனுப்புகிறேன். இதை யாராவது உனக்கு வாசித்துக் காட்டத்தான் வேண்டும். அது ரமோனா என்றால், ரமோனா, தயவுசெய்து எதையும் விடாமல் வாசியுங்கள்.

நொரீன்

*

பெட்ரல்
1994 மார்ச் 17

நொரீன்,

வாசித்தாள். கடைசி வரியை வாசித்ததும் தாளைக் கீழே வைத்தாள். பிறகு அலமாரியைத் திறந்து உன் பழைய கடிதங்களை எடுத்தாள். "இத மொதல்லேர்ந்து படிக்கணும் வெண்டல். நான் ஒழுங்காப் படிக்கல" என்றாள்.

அப்போதுதான் எனக்கு மஞ்சள் படகு பற்றி நீ கேட்டதே தெரிந்தது. வாடைக்கு நகராததைக் கேட்டது தெரிந்தது. நான்கு பக்கம் எழுதியிருந்தாயாமே, எனக்கு முக்கால் பக்கம்தான் வந்து சேர்ந்தது.

"என்ன ரமோனா இப்படிப் பண்ணிட்டே?" என்று கேட்டேன்.

"என்னைப் பத்தி எழுதினத என் வாயாலயே எப்படிப் படிக்கறது? நீயே சொல்லு. நொரீன் வந்ததும் எல்லாம் சரியாப் போயிரும், எதுக்கு உன் மனசக் கெடுக்கணும்னு தாண்டிட்டேன். ஒரு தடவ தாண்டினா அடுத்த தடவையும் தாண்ட வேண்டியிருக்கு."

கோழிக் கழுத்தையும் விடாமல் வாசித்தாள். கொஞ்சம் நிறுத்தினாள். கழுத்தைத் தடவிப் பார்த்திருப்பாள் என்று நினைக்கிறேன். "அது உண்மதான், ஆனா அரை டவுசர் என் இஷ்டம்" என்றாள். அப்புறம் அழுதாள், நொரீன். அவள் அழுது நான் கேட்டதில்லை.

சரி, என் கண் விஷயம். போன வசந்தத்தில் வலது கண் போயிற்று. ஊர் டாக்டர் பார்த்துவிட்டு, இதற்கு மருந்து கிடையாது, இன்னொன்றும் போகலாம் என்றார். உன்னிடம் கண்ணாடி மாற்றினேன் என்று சொன்னேன். அக்டோபரில் இடது கண்ணிலும் தொடங்கியது. ஓரங்கள் தெரியும். தீவு தெரியும், பாய்மரம் தெரியும், தண்ணீரில் நிழல் தெரியும். நேராகப் பார்க்கும் இடத்தில் ஒரு சாம்பல் திட்டு. எழுத்து போய்விட்டது, வரைபடம் போய்விட்டது, ஆழமானியின் எண் போய்விட்டது. டிசம்பரில் விமான நிலையத்தில் நீ கையசைத்தபோது உன் தொப்பியும் தோளும் தெரிந்தன. முகம் தெரியவில்லை. அது தெரிந்தே உன்னை அனுப்பினேன்.

கிறிஸ்துமஸ் வாடையில் பெட்ரல் நகர்ந்தபோது, எவ்வளவு நகர்ந்தாள் என்று என்னால் சொல்ல முடியவில்லை. முன்தட்டில் மண்டியிட்டுச் சங்கிலியைக் கையால் தடவிக்கொண்டிருந்தேன். ரமோனா தன் ரப்பர் படகில் வந்து ஏறினாள். "பாறை உன் பின்னால இருவதடியில இருக்கு, நீ எங்க பாத்துக்கிட்டிருக்க?" என்று கத்தினாள். நான் பாறைக்கு எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு அப்போதே புரிந்துவிட்டது. எஞ்சினைப் போட்டு முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது அவள்தான். அதன் பிறகு தினமும் ரேடியோ முடிந்ததும் வருகிறாள். வானிலை வரைபடம், தபால், மருந்துச் சீட்டு, டப்பாவில் பட்டாணியா பீச் பழமா என்பது, எல்லாம் வாசித்துவிட்டுப் போவாள். ஜனவரி வாடைக்குக் கண் இல்லாமல் நான் நகர முடியாதபோது அவளும் நகராமல் பக்கத்திலேயே நின்றாள். அதுதான் நீ கேட்ட இரண்டாவது கேள்விக்குப் பதில்.

யாரிடமும் சொல்லக் கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கினேன். உனக்குத் தெரியும், இந்தத் துறையில் ஒருவன் இன்னொருவனிடம் ரேடியோவில் ரகசியம் பேச வேறு அலைவரிசைக்குப் போனால் முந்நூறு படகும் பின்னாலேயே போய்க் கேட்கும். ஒரு மணி நேரத்தில் எனக்குக் கஞ்சி கொண்டுவர ஆள் வரிசையில் நிற்பார்கள். மறுநாள் யாராவது நல்ல மனதோடு என்னை விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். அதற்கு மறுநாள் ஹர்ட்டிலின் மருமகன் பெட்ரலைப் பார்க்க வருவான்.

உன்னிடம் சொல்லாததற்கும் அதுதான் காரணம். சொன்னால் நீயும் அதையே செய்வாய் என்று பயந்தேன். நீ வீடு பார்த்ததைக் கேள்விப்பட்டபோது, இவளுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது, என் முதுகுக்குப் பின்னால் என்னைக் கரையேற்றப் பார்க்கிறாள் என்றே நினைத்தேன். ஒவ்வொரு கடிதத்திலும் அதைத்தான் தேடினேன், இன்னொருத்தி கண்ணால்.

இதை நாளை ஊருக்குப் பறக்கிறவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். ஏப்ரல் பத்தில் நான் கிளம்புவது உறுதி. கடைசித் தடவை என்றாலும் பெட்ரலை நான்தான் ஊருக்குக் கொண்டுபோக வேண்டும். இனி உன்னிடம் மறைக்க ஒன்றும் இல்லை. அந்த வீடு யாருக்கு என்று மட்டும் சொல்.

வெண்டல்

*

லூனன்பர்க்
1994 மார்ச் 21

வெண்டல்,

ரமோனா, வாசிப்பது நீங்கள்தான் என்று தெரியும். உங்கள் கழுத்தைப் பற்றி எழுதியதற்கு மன்னித்துவிடுங்கள். பாறையிலிருந்து இருபதடியில் நின்ற படகை இழுத்து நிறுத்தியவரைப் பற்றி நான் எழுதக் கூடாததெல்லாம் எழுதினேன். இதை இரண்டு தடவை வேண்டுமானாலும் வாசியுங்கள்.

இனி உனக்கு, வெண்டல். அந்த வீடு வேராவுக்கு இல்லை. எனக்கு. ஜனவரி பதினோராம் தேதி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டேன், டெல்மா போன் செய்வதற்கு முன்னால். உன் கண் விஷயம் எனக்குத் துளியும் தெரியாது. எனக்குக் கடல் போதும் என்று ஆகிவிட்டது, அவ்வளவுதான். குனிந்தே நடந்து முதுகு வலிக்கிறது. ஒரு கேன் தண்ணீருக்கு அரை நாள் போகிறது. காற்று திரும்பினால் சாப்பாட்டை விட்டுவிட்டு ஓட வேண்டியிருக்கிறது. குழாயைத் திறந்தால் வெந்நீர் வர வேண்டும், தரை அசையக் கூடாது. இதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. வேராவின் இடுப்பு எனக்கு ஒரு சாக்கு. அவள் பிப்ரவரியிலேயே தனியாக நடக்கத் தொடங்கிவிட்டாள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மஞ்சள் படகைப் பற்றிக் கேட்டதும் என் வயிறு எரிந்தது நிஜம். ஆனால் எரிச்சலுக்கு நடுவில் ஒரு நிம்மதியும் இருந்தது. நீ தப்புச் செய்திருந்தால் எனக்கு வசதி. நான் உன்னைக் கடலில் விட்டுவிட்டுப் போனவள் ஆக மாட்டேன், நீ என்னை விட்டவன் ஆவாய். அதனால்தான் அவ்வளவு ஆசையாக உன்னைச் சந்தேகப்பட்டேன். இதை எழுத எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

உன் மேல் கோபம் போகவில்லை. முகம் தெரியாமல் எனக்குக் கையசைத்தாயே, அந்தக் கோபம் லேசில் போகாது. உன் கண் போனதை முதலில் தெரிந்துகொண்டவள் நானாக இல்லை என்பதுதான் எனக்கு ஆறவில்லை. அவள் உன் படுக்கைக்கு வந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது என்று நினைக்கிறேன். மன்னியுங்கள் ரமோனா, இதையும் வாசித்துவிடுங்கள்.

இதையும் நாளை அங்கே பறக்கிறவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். சனிக்கிழமை, இருபத்தாறாம் தேதி, மத்தியான விமானத்தில் வருகிறேன். ஏப்ரல் பத்தில் மூன்று பேருமாகக் கிளம்புகிறோம், ஃப்ளோரிடா வரை ரமோனா. அதற்கு மேலே வடக்கே நீ சுக்கானைப் பிடி, மிதவை எண்ணையும் ஆழத்தையும் நான் சத்தமாகப் படிக்கிறேன். வீட்டை வைத்துக்கொள்வதா, பெட்ரலை விற்பதா என்று ஊர் போய்ச் சேர்ந்த பிறகு சண்டை போடலாம். இனி எந்தத் தாளிலும் நான் தனியாகக் கையெழுத்துப் போட மாட்டேன்.

இதற்கு அடுத்து ஒரு பக்கம் எழுதியிருந்தேன். உறையில் போடாமல் எடுத்து வைத்துவிட்டேன். அது உனக்குச் சொல்ல வேண்டியது, அதை இன்னொரு பெண்ணின் குரலில் நீ கேட்பதை என்னால் தாங்க முடியாது.

ரமோனா, இத்தோடு போதும். தாளை மடித்து வெண்டல் கையில் கொடுத்துவிட்டு உங்கள் படகுக்குப் போங்கள்.

நொரீன்